நீலம் வரட்டும்

நீலம் வரட்டும் என்றுதான் டாக்டர் சண்முகவடிவு அந்த மத்தியானம் முழுக்க வேண்டிக்கொண்டிருந்தாள். வாய்விட்டு இல்லை, மனசுக்குள்தான். வாய்விட்டு வேண்டினால் கேட்கிறவர்கள் காறித் துப்புவார்கள் என்று அவளுக்கே தெரியும். பக்கத்து அறையில் லேப் டெக்னீஷியன் பேச்சிமுத்து ஒரு கண்ணாடிச் சில்லைக் கரைசலில் போட்டுவிட்டு ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சில்லில் ஒட்டியிருந்தது அய்யாத்துரை என்கிற உப்பளத் தொழிலாளியின் ஈரலில் ஊசி விட்டு எடுத்த நூல் போன்ற துணுக்கு. ஈரல் வீங்கியிருக்கிறது, சுகர் இருக்கிறது, வேறென்ன என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று வார்டிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முதலில் பார்த்தது ஜெசிந்தா, வடிவோடு கூடப் படித்தவள், இப்போது லேபின் தலைவி. எதையும் முதலில் பார்க்க அவளுக்குத்தானே கொடுத்து வைத்திருக்கிறது! ஈரல் செல்லுக்குள்ளே பழுப்பாகக் குருணை குருணையாகக் கிடந்தது. 'ஏட்டி, இது வயசுப் பழுப்பு. கூடக் கொஞ்சம் கொழுப்பு. சுகரைக் கட்டுக்குள்ள வச்சா ஈரல் தானா அடங்கிரும்' என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா முறுக்கைக் கடித்தாள். அந்த லேபில் ஒருத்தி பார்த்ததை இன்னொருத்தியும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ரிப்போர்ட் வெளியே போகும். இத்தனை வருஷமும் ஜெசிந்தாவின் கையெழுத்து மேலே, வடிவின் கையெழுத்து கீழே. இன்றைக்குத்தான் வடிவு பேனாவை மூடி வைத்துவிட்டு, 'எனக்கென்னமோ இரும்பு மாதிரி தெரியுது, ஸ்டெயின் போட்டுப் பாத்துருவமா?' என்றாள். சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தாள். வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 'போடு, நல்லதுதான்' என்று சொல்லிவிட்டு அந்த மகராசி மாணவர்களுக்குக் கிளாஸ் எடுக்கப் போய்விட்டாள்.

பழுப்பு என்றால் கண்ணுக்கு எல்லாம் பழுப்புதான். தோலின் கறுப்பும் பழுப்பாகக் கிடக்கும், பித்தமும் கிடக்கும், மலேரியாக் கிருமி தின்றுவிட்டுப் போட்ட மிச்சமும் கிடக்கும், இரும்பும் கிடக்கும், வயசானால் சேருகிற வெறும் கசடும் கிடக்கும். ஸ்டெயின் கரைசலில் போட்டால் இரும்பு மட்டும் நீலமாக மாறும், கசடு மாறாது, அவ்வளவுதான் விஷயம். நீலம் வந்தால் ஜெசிந்தா தப்பு. ஜெசிந்தா தப்பு! அந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்து நினைக்கும்போதே வடிவுக்கு நாக்கில் கருப்பட்டி கரைகிற மாதிரி இருந்தது. நீலம் வந்தால் அய்யாத்துரைக்கு என்ன என்பதையும் அவள் நினைக்காமல் இல்லை, நினைத்தாள், படித்தவள்தானே. சோற்றிலும் கீரையிலும் இருக்கிற இரும்பையெல்லாம் உடம்பு கணக்கில்லாமல் இழுத்து ஈரலில் சேர்க்கும், கணையத்தில் சேர்த்துச் சுகரைக் கொண்டுவரும், இதயத்தையும் விடாது, ஈரல் கடைசியில் கல்லாகும். வாரா வாரம் ஒரு பை ரத்தத்தை எடுத்துக் கீழே ஊற்ற வேண்டும். பரம்பரை ரத்தத்தோடு வருகிற வியாதி, கூடப் பிறந்தவர்களையும் கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். அதெல்லாம் ஒரு பக்கம். மனுஷனின் தோல்கூட ஒருமாதிரி வெண்கலக் கறுப்பாக மாறும் என்று புத்தகத்தில் இருக்கிறது. காலையில் வார்டுக்குப் போய் அதைத்தான் பார்த்துவிட்டு வந்தாள், ஆள் நல்ல கறுப்பு, பார்த்தாயா என்று மனசு குதித்தது. உப்பளத்தில் பிறந்ததிலிருந்து வெயிலில் நின்று உப்பு வாரினவர் கறுப்பாக இல்லாமல் பனங்கிழங்கு மாதிரியா இருப்பார் என்று கேட்க அப்போது பக்கத்தில் ஆள் இல்லை. ஜெசிந்தா இருந்தால் கேட்டிருப்பாள். கேட்டுவிட்டுத் தோளில் தட்டிச் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் வடிவால் பொறுத்துக்கொள்ளவே முடியாது. சிரிப்பில் கள்ளம் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு நாளாவது கொஞ்சம் குத்தலாகப் பேசினால் என்ன, குறைந்தா போய்விடுவாள்? பேசினால் இவளுக்குத் திட்ட ஒரு காரணமாவது கிடைக்கும். காரணமே இல்லாமல் ஒருத்தியை வெறுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது வெறுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பேச்சிமுத்துவின் பாட்டு நின்றது. 'ஆச்சா பேச்சிமுத்து?' என்று குரல் கொடுத்தாள். 'எங்க மேடம், இப்பத்தான ஊறுது' என்று பதில் வந்தது, பாட்டும் திரும்ப வந்தது.

ஊறட்டும். வடிவு மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து, இரும்பு ஸ்டெயின் போடாத பழைய சில்லையே திரும்ப எடுத்து வைத்தாள். ரோஸ் நிறத்தில் வரிசை வரிசையாக ஈரல் செல்கள், நடுவில் ஊதா உட்கரு, ஓரத்தில் அந்தப் பழுப்பு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குப்பையை அரைக்கிறதற்கென்று சின்னச் சின்னப் பைகள் உண்டு. ஓட்டை உடைசல் எல்லாம் அதற்குள்ளே போகும், கரையும். கரையாதது உள்ளேயே தங்கும். தங்கித் தங்கி வயசாக ஆகப் பழுப்பாய்த் தெரியும். எழுபது வயசு இதயத்தை அறுத்தால் சில பேருக்குச் சதையே காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். நம் இதயம் இப்போது என்ன நிறத்தில் இருக்கும்? போன கிறிஸ்துமஸுக்கு ஜெசிந்தா கேக் கொடுத்து அனுப்பியிருந்தாள், முட்டை போடாதது, இவர்கள் சைவம் என்று இவர்களுக்காகவே தனியாகச் செய்தது. ராமலிங்கம், புருஷன் என்று வாய்த்தவர், இரண்டு துண்டு தின்றுவிட்டு, 'அந்தம்மா கைராசியே தனிதான்' என்றார். இருபத்தாறு வருஷம் இட்லி அவித்த கைக்கு ராசி கிடையாது போல! அதைக்கூட ஜீரணித்துவிட்டாள். ஆனால் மகள் அபிதா, எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு மேலே என்ன படிப்பது என்று குழம்பியபோது, பெற்றவள் அடுப்படியில் நிற்க, போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், 'ஆன்ட்டி, நான் பெத்தாலஜி எடுக்கட்டுமா?' என்று ஜெசிந்தாவிடம் கேட்டாளே, அது ஜீரணமாகவில்லை. அது எந்தப் பைக்குள் போய் எந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறதோ. 'அம்மாட்ட கேளு கண்ணு, அவளுக்குத்தான் பொறுமை ஜாஸ்தி' என்றாளாம் ஜெசிந்தா. பொறுமை ஜாஸ்தி. கண் இல்லாதவளுக்குக் கொடுக்கிற பட்டம் அது. மாடு மாதிரி உழைப்பாள் என்று சொல்லாமல் சொன்னதுதானே? இல்லை, அவள் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டாள். நினைத்திருந்தால் தேவலையே! வடிவு சில்லை நகர்த்தினாள், பழுப்பு, இன்னும் பழுப்பு, இரும்பாக இரேன், உனக்கென்ன நஷ்டம் என்று அதனிடம் கெஞ்சினாள். கொஞ்சம் கரடாகத்தானே தெரிகிறது? மினுங்குகிறது அல்லவா? ஒரு சமயம் மினுங்கியது, ஒரு சமயம் இல்லை.

இந்தக் கண் விஷயம் எங்கே தொடங்கியது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும், நாள்தோறும் ஒரு தடவையாவது போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிற இடம் அது. இரண்டு பேரும் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மில் வாட்ச்மேன், ஒரு வாரம் காய்ச்சல், பிதற்றல், செத்துப்போனார், என்ன வியாதி என்று யாருக்கும் விளங்கவில்லை. மூளையின் துண்டை வடிவுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். ராத்திரி சாப்பிடாமல்கூட உட்கார்ந்து பார்த்தாள், ஓரம் விடாமல், பாத்தி கட்டின மாதிரி வரிசையாகப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்று எழுதினாள். மறுநாள் ஜெசிந்தா சும்மா எட்டிப் பார்த்தாள். நின்றுகொண்டே. பார்த்துவிட்டு, 'ஏட்டி, இங்க பாரு, இந்த செல்லுக்குள்ள மாதுளை முத்து மாதிரி ஒண்ணு உட்காந்திருக்கு' என்றாள். வெறிநாய்க் கடி! கிருமி போய் நரம்புச் செல்லுக்குள் குடியிருந்துவிட்டு விட்டுவைக்கிற அடையாளம் அது. நாய் கடித்ததையே அந்த மனுஷன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. விசாரித்தபோது, அதே நாய் மில் தொழிலாளர்கள் குடியிருக்கிற லைனில் இன்னும் ஏழெட்டுப் பேரைக் கடித்திருந்தது, எல்லாரையும் அன்றைக்கே ஓடிப் பிடித்து ஊசி போட்டார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். ஊரே ஜெசிந்தாவைக் கொண்டாடியது. கொண்டாடட்டும், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்த செல்லை வடிவும் பார்த்திருந்தாள். அதே இடத்தை. சத்தியமாக ஞாபகம் இருந்தது, பக்கத்திலேயே ஒரு ரத்தக்குழாய் வளைந்து போகும், அந்த வளைவு ஞாபகம் இருந்தது. பார்த்தாள், தெரியவில்லை. கண் போன இடத்துக்கு அறிவு போகவில்லை. அவள் எழுதின காகிதத்தை நம்பியிருந்தால் அந்த ஏழெட்டுப் பேரும் வாயில் நுரை தள்ளிச் செத்திருப்பார்கள். இதை அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. ஜெசிந்தா சொல்லவே மாட்டாள். 'நீ ராத்திரி முழுக்கப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு, நான் தூங்கி எந்திரிச்சு வந்தவ' என்று புரொபசரிடம் இவளுக்காகப் பேசினாள். வடிவுக்கு அந்த இடத்திலேயே அவளைக் கடிக்கலாம் போல இருந்தது. ஒருத்தி நம் குற்றத்தையும் மூடுகிறாள், நம் பெயரையும் எடுத்துக்கொள்கிறாள் என்றால் மனுஷி என்னதான் செய்வாள்? ஜெசிந்தா புரொபசர் ஆனாள், தலைவி ஆனாள். வடிவு அவளுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். கீழே, எப்போதும் கீழே.

தண்ணீர் குடிக்க வெளியே வந்தவளைப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து மறித்தாள். அய்யாத்துரையின் பெண்சாதி, லிங்கக்கனி, காலையில் வார்டில் பார்த்த முகம்தான். 'எம்மா, அவுக பரிசோதனை என்னாச்சும்மா? கேன்சரான்னு பயந்து கெடக்காவ. ரெண்டு நாளா சோறு எறங்கல.' 'கேன்சர் இல்லம்மா. வேற ஒண்ணு சந்தேகமா இருக்கு, சாயந்தரம் சொல்றேன்' என்றாள் வடிவு. 'வேற ஒண்ணுன்னா?' என்று அவள் கேட்டதற்கு, இவளுக்கு என்ன வந்ததோ, 'அவரு கூடப் பிறந்தவங்க எத்தன பேரு?' என்று கேட்டுவிட்டாள். லிங்கக்கனியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். 'அண்ணன் தம்பி நாலு பேரும்மா, எல்லாம் அளத்துலதான் கெடக்காவ. ஏன் கேக்கீங்க? தொத்து வியாதியா?' 'இல்ல, இல்ல, சும்மாதான்.' சும்மாவாம்! உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான், தான் செய்தது என்னவென்று வடிவுக்கு உறைத்தது. இன்னும் வராத நீலத்தை அந்தப் பொம்பிளையின் தலையில் இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். கோயிலில் போய் ஒருத்தருக்கு வியாதி வரட்டும் என்று எவளாவது வேண்டுவாளா? சூனியம் வைக்கிறவள்கூடப் பகையாளிக்குத்தான் வைப்பாள். அய்யாத்துரை இவளுக்கு என்ன பகை? முன்பின் பழக்கமில்லாத ஐந்து பேர் ஈரலில் இரும்பை அள்ளிக் கொட்டு சாமி என்று இவள் உட்கார்ந்து நேர்ந்துகொண்டிருக்கிறாள், எதற்கு, ஒருத்தி ஒரே ஒரு நாள் 'நான் தப்பு' என்று சொல்லிக் கேட்பதற்கு. வெட்கமாகத்தான் இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. சரி, நீலம் வர வேண்டாம் என்று நினைத்துப் பார்த்தாள். முழு மனசோடு நினைக்க வரவில்லை. வர வேண்டாம் என்று சொல்லும்போதே அடியில் ஒரு குரல் வரட்டுமே, கொஞ்சமாவது, ஓரமாவது என்றது. வியாதி இருந்தால் நாம் வேண்டியா வரப்போகிறது, இருந்தால் கண்டுபிடிப்பது நல்லதுதானே, கண்டுபிடித்தால்தானே வைத்தியம் என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டாள். வக்கீல் நல்ல வக்கீல்தான். ஆனாலும் மனசு நம்பவில்லை.

'வந்திருச்சு மேடம்!' என்று பேச்சிமுத்து சில்லைத் துடைத்துக்கொண்டே வந்து வைத்தார். அந்த மைக்ராஸ்கோப் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து ஒரே சில்லைப் பார்க்கிற மாதிரி அமைந்தது, தெளிவாக்குகிற திருகு மட்டும் வடிவின் பக்கம்தான். கண்ணை வைத்தாள். நீலம்! அப்பாடி, நீலம்! இங்கே ஒன்று, அங்கே ஒன்று, அதோ ஒரு கொத்து, மயில் கழுத்து நீலம். இத்தனை வருஷத்துச் சளி நெஞ்சிலிருந்து பிய்த்துக்கொண்டு போன மாதிரி ஒரு மூச்சு வந்தது. சிரித்துவிட்டாள்கூட. அதே நேரம் பார்த்து, கிளாஸ் முடித்த ஜெசிந்தா சேலை முந்தியில் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். 'என்னட்டி, வந்திருச்சா?' 'நீயே பாரு' என்றாள் வடிவு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பெரும்பாடு பட்டு. ஜெசிந்தா எதிர்ப் பக்கம் உட்கார்ந்தாள். பார்த்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பார்த்தாள். 'அடக் கடவுளே' என்றாள் கடைசியில். 'இத எப்படிட்டி விட்டேன்? நல்லவேளை நீ நிறுத்தி வச்ச. எனக்கும் வயசாயிட்டு வருது வடிவு. நான் மாத்தி எழுதிர்றேன், உன் பேர மேல போடுவோம்.' அவள் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைத்தான் கேட்க வேண்டும் என்று வடிவு காத்திருந்தாள், கேட்டாள், காது குளிர்ந்தது. குளிர்ந்த காதோடு சில்லை இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள், ரசித்துப் பார்க்கத்தான். துணுக்கின் ஓரம் முடிந்து வெறும் கண்ணாடி வந்தது. வெறும் கண்ணாடியிலும் நீலம் கிடந்தது.

ஈரல் இல்லாத இடத்தில் ஈரலின் இரும்பு எப்படி வரும்? கை தானாகச் சில்லைப் பின்னால் இழுத்து ஈரலுக்கே கொண்டுவந்தது, ஜெசிந்தா கண்ணை எடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. வடிவு திருகை மயிரிழை திருப்பினாள். செல்கள் தெளிந்தன, நீலம் மங்கியது. மறுபடி திருப்பினாள். நீலம் தெளிந்தது, செல்கள் மங்கின. உள்ளே இல்லை. மேலே, தண்ணீர் மேல் எண்ணெய் கிடப்பதுபோலக் கிடக்கிறது. செல்லுக்குள்ளே இருந்த பழுப்பு பழுப்பாகவே இருந்தது, ஒரு குருணைகூட மாறவில்லை. 'பேச்சிமுத்து, கரைசல எந்தத் தண்ணியில கரைச்சீங்க?' என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. கேட்டால் முடிந்தது. கேட்காவிட்டால்? ஜெசிந்தாவே ஒத்துக்கொண்டாள். வேறு யார் பார்க்கப் போகிறார்கள்? வார்டில் ரத்தச் சோதனை செய்வார்கள், இரும்பு சரியாக இருந்தால் பொய் அங்கே மாட்டிக்கொள்ளும். ஆனால் கொழுத்த ஈரலும் சுகரும் இருக்கிற ஆளுக்கு அந்தக் கணக்கு எப்படியும் கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், ஏறியிருந்தால் இந்த ரிப்போர்ட்டைக் காட்டி ரத்தத்தை எடுப்பார்கள், வாரா வாரம், வெயிலில் உப்பு வாருகிற ஆளின் ரத்தத்தை. நாலு அண்ணன் தம்பியும் வேலையை விட்டுவிட்டு வரிசையில் வந்து நிற்பார்கள். அதெல்லாம் அப்புறம். இப்போதைக்கு இந்த ஒரு சாயந்தரம். இந்த ஒரு சாயந்தரம் மட்டும் மேலே என் பேர் இருக்கட்டுமே, நாளைக்குக் காலையில் வந்து எதேச்சையாகப் பார்த்த மாதிரி சொல்லிக்கொள்ளலாமே. ஒரு ராத்திரி. யாருக்கு என்ன குறைந்துவிடும்? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்குக் குறையும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சை, இந்தப் பொம்பிளை ஏன் வந்து மறித்தாள்! மறிக்காமல் இருந்தால் நிம்மதியாகப் பொய் சொல்லியிருக்கலாம். 'ஜெசி' என்றாள் வடிவு. அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. 'திரும்பப் பாரு. இது உள்ள இல்ல. மேல கெடக்கு.' திருகை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாள். வெறும் கண்ணாடியையும் காட்டினாள். ஜெசிந்தா பார்த்தாள். 'ஆமாட்டி! நான் கவனிக்கவே இல்லையே. நீ எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று வாய் நிறையச் சிரித்தாள். பேச்சிமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டால், 'டிஸ்டில்டு வாட்டர் கேன் காலி மேடம். ஒரு தடவைதானேன்னு குழாய்த் தண்ணியில கரைச்சேன்' என்று தலையைச் சொறிந்தார். மொட்டைமாடித் தொட்டியும் இரும்பு, குழாயும் இரும்பு, கடல் காற்றில் துருப்பிடித்துப் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிற இரும்பு.

கடையிலிருந்து புதுக் கேன் வாங்கி வந்து மறுபடி போட்டார்கள். நீலம் வரவில்லை. பழுப்பு அப்படியே கிடந்தது, வயசுப் பழுப்பு, ஜெசிந்தா முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்ன அதே பழுப்பு. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஜெசிந்தாவின் கண்ணுக்குத் தப்பினது வடிவின் கண்ணில் பட்டது, அது பட்டதே ஜெசிந்தா சொன்னதுதான் சரி என்று காட்டுவதற்காக. இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட அவளுக்கு ஆள் கிடையாது, சொல்ல வேண்டுமென்றால் ஜெசிந்தாவிடம்தான் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் ஜெசிந்தா கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். 'நீயே போய்ச் சொல்லிரு, நிறுத்தி வச்சுப் பாத்தது நீதான' என்றாள் ஜெசிந்தா. வடிவு வெளியே வந்தாள். லிங்கக்கனி எழுந்து நின்றாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு. 'ஒண்ணும் பயப்பட வேண்டாம்மா. கேன்சரும் இல்ல, நான் சந்தேகப்பட்டதும் இல்ல. அண்ணன் தம்பி யாரும் வர வேண்டாம். ஈரல்ல கொழுப்புதான், சுகருக்கு மாத்திரைய ஒழுங்கா எடுக்கச் சொல்லுங்க, சோத்தக் குறைச்சு நடக்கச் சொல்லுங்க.' இதைச் சொல்லும்போது வடிவுக்கே கண் கலங்கியது, நல்ல வார்த்தையைச் சொல்லுகிற பாக்கியமாவது நமக்குக் கிடைத்ததே என்று. லிங்கக்கனி அப்படியே நின்றாள். முகம் தெளியவில்லை. ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்கலாமோ கூடாதோ என்று தயங்கி, கடைசியில் கேட்டே விட்டாள். 'எம்மா, கோவிச்சுக்கிடாதீக. வார்டுல நர்சம்மா சொன்னாவ, ஜெசிந்தா டாக்டரம்மா கண்ணு பட்டா தப்பாதுன்னு. அவுக ஒருக்கா பாத்துட்டாவளா?' பாவி, இவ்வளவு நேரம் உன் புருஷனுக்காக அங்கே நான் என்ன பாடுபட்டேன் தெரியுமா என்று வடிவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. 'பாத்துட்டாங்கம்மா' என்றாள். 'மொதல்லயே அவங்கதான் பாத்தாங்க. அவங்க சொன்னதுதான் இது.' அப்போதுதான் லிங்கக்கனிக்கு மூச்சு வந்தது.